சேற்றில் போட்ட டெபாசிட்

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ்ஷயர் பக்கம் ஹோம் ஃபென் என்று ஓர் இடம். அங்கே மரங்களுக்கு நடுவில் ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. உயரம் சுமார் நாலு மீட்டர். விளக்குக் கம்பம் கிடையாது. உச்சியில் சிலை கிலை எதுவும் கிடையாது. நம்மூராக இருந்தால் இத்தனை வருஷத்தில் ஏதாவது ஒரு கட்சிக்கொடி ஏறியிருக்கும். அங்கே சும்மா நிற்கிறது. ஜனங்கள் மெனக்கெட்டுப் போய், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

விசேஷம் இதுதான். 1851-வாக்கில் அந்தத் தூணை இறக்கியபோது அதன் தலை தரைமட்டத்தில் இருந்தது. மொத்தத் தூணும் மண்ணுக்குள். அப்புறம் யாரும் அதைப் பிடித்து மேலே இழுக்கவில்லை. தரைதான் நாலு மீட்டர் கீழே போய்விட்டது.

அந்த வட்டாரத்தில் விட்டில்ஸீ மியர் என்று பெரிய ஏரி ஒன்று இருந்தது. சுற்றிலும் சதுப்பு. 'தண்ணியை மட்டும் வெளியேத்திட்டா கறுப்பா, பஞ்சு மாதிரி மண்ணு. எதைப் போட்டாலும் விளையும்' என்று நிலச்சொந்தக்காரர்களுக்கு ஆசை வந்தது. 1851 லண்டன் கண்காட்சியில் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்த அப்போல்ட் பம்ப்பை வரவழைத்து ஏரியைக் காலி செய்தார்கள். வில்லியம் வெல்ஸ் என்ற நிலச்சுவான்தார் கொஞ்சம் விவரமான ஆசாமி. தண்ணீர் போனால் தரை அமுங்கும் என்று தெரியும். எவ்வளவு அமுங்கும் என்று பார்க்க நினைத்தார். அடியில் இருக்கிற களிமண் வரைக்கும் தூணை ஊன்றி, தலையைத் தரையோடு தரையாக நிறுத்திவிட்டார். 1860-லேயே தூண் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் வெளியே வந்துவிட்டது. இன்றைக்கு அந்த இடம் கடல்மட்டத்துக்குச் சுமார் இரண்டே முக்கால் மீட்டர் கீழே. பிரிட்டனிலேயே தாழ்வான தரை அதுதான்.

சரி, நாலு மீட்டர் மண் எங்கே போச்சு?

லாரியில் போகவில்லை. (நமக்கு முதலில் தோன்றுவது அதுதான், என்ன செய்வது.) கொஞ்சம் அமுங்கியது வாஸ்தவம். ஈர ஸ்பாஞ்சைப் பிழிந்து வைத்தால் சின்னதாகப் போகுமே, அப்படி. மிச்சம் காற்றில் போய்விட்டது. புழுதியாகக் கொஞ்சம் பறந்தது. பெரும்பகுதி வாயுவாகவே மாறிவிட்டது. கண்ணுக்குத் தெரியாமல், சத்தம் போடாமல் மண் ஆவியாகிப் போயிற்று.

மண் எப்படி ஸார் ஆவியாகும் என்று கேட்பீர்கள். சாதாரண மண் ஆகாது. அதில் பெரும்பகுதி கல்லும் மணலும் களியும். சதுப்பு மண் வேறு ஜாதி. அதில் பெரும்பங்கு செத்துப்போன செடிதான். ஆயிரக்கணக்கான வருஷத்துக் கோரை, நாணல், பாசி எல்லாம் அப்படியே அடுக்கி வைத்திருக்கிறது. இங்கிலீஷில் பீட் என்பார்கள். நம் பாடப்புத்தகத்தில் 'முற்றா நிலக்கரி'. முழுசாக நிலக்கரி ஆவதற்குள் பரீட்சைக்கு வந்துவிட்ட கேஸ். அயர்லாந்துக்காரர்கள் இதை வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த அடுக்கு எப்படிச் சேருகிறது என்பதுதான் வேடிக்கை.

செடி காற்றிலிருந்து கார்பனை எடுத்து உடம்பு வளர்க்கிறது. செத்து விழுகிறது. மேட்டு நிலத்தில் விழுந்தால் கறையான், காளான், பாக்டீரியா என்று ஒரு கூட்டமே பந்திக்கு உட்கார்ந்துவிடும். சில மாசத்தில் இலை காலி. கார்பன் திரும்பக் காற்றுக்கே. முதல் தேதி வந்த சம்பளம் பத்தாம் தேதி போன மாதிரி. கையில் நிற்காது.

அதே இலை சதுப்பில் விழுந்தால் கதை மாறுகிறது. மேலே தண்ணீர் மூடிக்கொள்கிறது. காற்றில் நகர்வதைவிடத் தண்ணீருக்குள் ஆக்ஸிஜன் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் நகரும். சேற்றின் மேல்தோலில் சில மில்லிமீட்டர் வரைக்கும் ஏதோ கொஞ்சம் எட்டிப்பார்க்கும். அதையும் அங்கே இருக்கிற பாக்டீரியா உறிஞ்சிவிடும். அதற்குக் கீழே ஆக்ஸிஜன் பூஜ்யம். ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் அழுகல் என்பது ஆபீஸர் லீவில் போன செக்‌ஷன் மாதிரி. வேலை நடக்காது என்று சொல்ல மாட்டேன். நடக்கும். ஃபைல் டேபிளை விட்டு டேபிளுக்கு நகர ஒரு மாமாங்கம் ஆகும், அவ்வளவுதான்.

எவ்வளவு மெதுவாக என்பதற்கு ஒரு சாட்சி. 1950-ல் டென்மார்க்கில் டோலுண்ட் என்ற இடத்தில் சதுப்பு வெட்டப்போன ஆட்கள் ஒரு பிணத்தைப் பார்த்தார்கள். கழுத்தில் கயிறு. முகத்தில் இரண்டு நாள் தாடி. யாரையோ சமீபத்தில் கொன்று புதைத்திருக்கிறார்கள் என்று போலீஸுக்குச் சொல்லியனுப்பினார்கள். விசாரித்ததில் ஆசாமி செத்து 2,400 வருஷம் ஆகியிருந்தது! அங்கே பாசி விடுகிற அமிலமும் ஒத்தாசை செய்தது என்றாலும், ஆக்ஸிஜன் உள்ளே வராததுதான் முக்கியக் காரணம். கொலையாளியைப் பிடிப்பது கொஞ்சம் கஷ்டம் என்று போலீஸ் கேஸை மூடியிருக்க வேண்டும்.

ஆபீஸ் போகிறவர்களுக்கு இதைச் சொல்ல ஒரே வார்த்தை போதும்: பி.எஃப். மாசா மாசம் கொஞ்சம் பிடிக்கிறார்கள். கையில் கிடைக்காது. திட்டிக்கொண்டே இருக்கிறோம். ஆனால் சேருகிறது. சதுப்பு நிலமும் வருஷா வருஷம் விளைச்சலில் துளியூண்டு பிடித்து அடியில் போட்டுக்கொள்கிறது. பொதுவாக வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறினால் பெரிய விஷயம். ஆனால் இந்தச் சில்லறைச் சேமிப்பின் மொத்தத்தைப் பாருங்கள். உலகத் தரையில் பீட் நிலங்கள் வெறும் 3 சதவிகிதம். அதற்குள் கிடக்கிற கார்பன், உலகத்து அத்தனை காட்டு மரங்களிலும் இருப்பதைவிட அதிகம். 'மரம் நடுவோம்' என்று போர்டு வைக்க ஆள் இருக்கிறது. 'சேற்றைக் காப்போம்' என்று எவனாவது போர்டு வைப்பானா? ஓட்டு விழாது.

கார்பனை மட்டும் பேசிவிட்டு நைட்ரஜனை விட்டால் பாவம். கதாநாயகனோடு எல்லா சீனிலும் வந்துவிட்டு, போஸ்டரில் படம் வராத நண்பன் வேஷம் அதற்கு. இலையில் புரதம் இருக்கிறது; புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது. கார்பன் அடியில் போய் உட்காரும்போது நைட்ரஜனும் கூடவே போகிறது. சதுப்பு மண்ணில் சாதாரணமாகக் கார்பன் பதினைந்து இருபது பங்கு என்றால் நைட்ரஜன் ஒரு பங்கு. ஒன்றைத் தொட்டால் இன்னொன்றும் கிளம்பும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஃப்ளோரிடா போகும்போது வேண்டும்.

நைட்ரஜனுக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. வயலில் போட்ட யூரியாவில் மீந்தது, நம் வீட்டுச் சாக்கடை எல்லாம் கடைசியில் தாழ்வான இடத்துக்குத்தானே வரும்? சதுப்பின் மேல்தோலிலும், சம்பங்கோரை வேரைச் சுற்றியும் கொஞ்சம் ஆக்ஸிஜன் உண்டு. (கோரைத்தண்டை ஒடித்துப் பாருங்கள், உள்ளே ஸ்ட்ரா மாதிரி ஓட்டை. அந்தச் செடி வேருக்கு மூச்சுக்காற்றைப் பைப் போட்டு அனுப்புகிறது!) அந்த ஆக்ஸிஜன் இருக்கும் இடத்தில் ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். ஓர் அங்குலம் கீழே இறங்கினால் ஆக்ஸிஜன் இல்லாத ஊர். அங்கே இருக்கிற பாக்டீரியா ஆக்ஸிஜனுக்குப் பதில் அந்த நைட்ரேட்டை வைத்துச் சுவாசித்து, நைட்ரஜன் வாயுவாக ஆகாயத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். மாடியில் ஸீல், கீழே கையெழுத்து. சம்பளம் இல்லை, ஓவர்டைம் இல்லை, ஸ்ட்ரைக் இல்லை. இந்த வேலைக்கு மாநகராட்சி மெஷின் வாங்கினால் எத்தனை கோடி டெண்டர் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சேற்றில் எவ்வளவு கார்பன், எவ்வளவு நைட்ரஜன் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஒரு குழாயைச் செங்குத்தாகச் சேற்றில் இறக்கி உருவுவார்கள். உள்ளே மண், புட்டு மாதிரி உருளையாக வரும். அதை வில்லை வில்லையாக நறுக்கி உலர்த்தி, எடை போட்டு, ஐந்நூற்றுச் சொச்சம் டிகிரி உலையில் எரித்து, திரும்ப எடை போடுவார்கள். எரிந்துபோனது செடி, மிஞ்சியது மண். நைட்ரஜனுக்கு வேறு பரீட்சை. 1883-ல் யோஹான் கெல்டால் என்ற டேனிஷ்காரர் கண்டுபிடித்தது, இன்றும் நடக்கிறது. அவருக்குச் சம்பளம் கொடுத்தது கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம். பார்லியில் எவ்வளவு புரதம் என்று தெரியாமல் நல்ல பீர் காய்ச்ச முடியாதே! இதனால் பீரை மண்ணியலுக்குச் செய்யும் தொண்டாக நினைத்து யாரும் வீட்டில் வாதாட வேண்டாம்.

இப்போது ஃப்ளோரிடா. அமெரிக்காவின் தெற்கு மூலையில் எவர்கிளேட்ஸ் என்று பிரம்மாண்டமான சதுப்பு. சுமார் 5,000 வருஷமாகச் சேர்ந்த கறுப்பு மண். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் வாய்க்கால் வெட்டி, அதன் வடபகுதியை வடித்துக் கரும்பு போட்டார்கள். அங்கேயும் ஒரு விவரமான கோஷ்டி இருந்தது. பெல் கிளேட் என்ற ஊரில் விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் 1924-ல் ஒன்பதடி கான்கிரீட் கம்பம் ஒன்றை அடிப்பாறை வரை இறக்கி, தலையைத் தரையோடு வைத்தார்கள். இன்றைக்கு ஆறடிக்கு மேல் வெளியே தெரிகிறது. நான் பக்கத்தில் போய் நின்றால் கம்பம்தான் உயரம்.

ஒரு கணக்கு. ஒன்பதடி மண் சேர 5,000 வருஷம் என்றால், ஓர் அங்குலம் சேர ஏறக்குறைய 45 வருஷம். ஒருத்தர் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் கட்டி, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, மாலை மரியாதையோடு ரிட்டயர் ஆகி, பேரனையும் கொஞ்சுகிற காலம். வடிகால் வெட்டின பிறகு ஆரம்ப வருஷங்களில் போனது எவ்வளவு? வருஷத்துக்குச் சுமார் ஓர் அங்குலம். முழு சர்வீஸ் சேமிப்பு, ஒரே வருஷத்தில்!

தண்ணீர் இறங்கியதும் ஆக்ஸிஜன் உள்ளே நுழைந்துவிட்டது. லீவில் இருந்த ஆபீஸர் டியூட்டிக்கு வந்தாயிற்று. ஐயாயிரம் வருஷமாகத் தேங்கிக்கிடந்த ஃபைல்கள் மடமடவென்று கிளியர் ஆகின்றன. கார்பன், கரியமில வாயுவாகக் கிளம்புகிறது. கூடவே நைட்ரஜன். அங்கே கறுப்பு மண்ணில் கரும்பு போடுகிறவர்கள் நைட்ரஜன் உரம் போடுவதே இல்லை. போட வேண்டியதில்லை. அழுகும் மண் தானாகவே கொட்டுகிறது. நம்மூரில் கரும்பு போட்ட யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், யூரியா மூட்டை விலை தெரிந்தவர் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். 'அடேயப்பா, என்ன மண்ணு!' என்பார். மண் நல்ல மண்தான். ஆனால் அது பி.எஃப். பணத்தில் தினமும் பிரியாணி சாப்பிடுகிற கதை. அடியில் சுண்ணாம்புப் பாறை தட்டுகிற அன்றைக்கு அக்கவுண்ட் க்ளோஸ். கரும்பு குடித்தது போக மிச்ச நைட்ரஜன் வாய்க்காலிலும் காற்றிலும் போகிறது. காற்றில் போவதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்ஸைடு. சிரிப்பு வாயு என்று செல்லப்பெயர். பூமியைச் சூடாக்குவதில் இது எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் 270 மடங்குக்கு மேல். இதில் யார் சிரிப்பது?

அங்கே இப்போது புத்தி வந்து, சில விவசாயிகள் கோடையில் வயலில் தண்ணீர் கட்டி நெல் போடுகிறார்கள். தண்ணீர் நிற்கும் நாளில் மண் கரைவதில்லை. தஞ்சாவூர்க்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

நியாயமாக ஒரு விஷயம் சொல்லவேண்டும். சதுப்பு ஒன்றும் அப்பழுக்கில்லாத உத்தமர் இல்லை. ஆக்ஸிஜன், நைட்ரேட், இரும்பு, சல்ஃபேட் எல்லாம் தீர்ந்துபோன அடிமட்டத்தில் ஒரு கூட்டம் உட்கார்ந்து மீத்தேன் தயாரிக்கிறது. குமிழ் குமிழாக மேலே வரும். 1776-ல் வோல்டா (வோல்ட், வோல்டேஜ் எல்லாம் இவர் பெயரில்தான்) இத்தாலியில் மஜ்ஜோரே ஏரி ஓரத்துச் சேற்றைக் குச்சியால் கிளறி, வந்த குமிழைப் பிடித்துவைத்துப் பற்றவைத்துப் பார்த்தார். எரிந்தது. நம்மூரில் அந்தக் குமிழுக்கு அதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே பெயர் வைத்தாயிற்று: கொள்ளிவாய்ப் பிசாசு! ராத்திரியில் கழனிப்பக்கம் நெருப்பு எழும்பி எழும்பி அணைந்தது என்று எங்கள் பாட்டி சத்தியம் செய்வாள். சதுப்பு வாயு தீப்பற்றியதுதான் அது என்பது விஞ்ஞானிகள் வழக்கமாகச் சொல்கிற விளக்கம். பாட்டி ஒப்புக்கொள்ளவில்லை.

மீத்தேனும் சூடேற்றுகிற வாயுதான். எடைக்கு எடை பார்த்தால் கரியமில வாயுவைவிட நூறு வருஷக் கணக்கில் 27, 28 மடங்கு. ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் காற்றில் சிதைந்துவிடும். அடியில் பூட்டின கார்பனோ ஆயிரம் வருஷம் கிடக்கும். அதனால் பழைய, தொந்தரவு செய்யாத சதுப்பு நீண்ட நாள் கணக்கில் லாபத்தில்தான் ஓடுகிறது. உப்புத்தண்ணீர் கலக்கிற இடத்தில் இன்னும் விசேஷம். கடல்நீரில் சல்ஃபேட் நிறைய. அதைத் தின்னும் பாக்டீரியா மீத்தேன் கோஷ்டியைப் பந்தியில் உட்காரவே விடாது. பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளில் மீத்தேன் குறைவாகவும் அழுகின முட்டை நாற்றம் தாராளமாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். மூக்கைப் பிடித்துக்கொண்டு மன்னித்துவிடலாம்.

வடித்துக் காயவைத்த சதுப்பு மெதுவாக அழுகுவது ஒரு ரகம். தீப்பிடித்தால் அது வேறு ரகம். இந்தோனேஷியாவில் சுகார்த்தோ ஆட்சியில், 1990-களின் நடுவில், போர்னியோவின் கலிமந்தான் பகுதியில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்புக் காட்டை நெல்வயல் ஆக்குகிறேன் என்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டினார்கள். நெல் உருப்படியாக விளையவில்லை. மண் மட்டும் காய்ந்தது. 1997-ல் மழை தவறியபோது பற்றிக்கொண்டது. மேலே மரம் எரிந்தது மட்டுமில்லை, தரையே எரிந்தது. அந்த வருஷம் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருந்த நம் ஜனங்களைக் கேளுங்கள், பகலில் சூரியனைப் பார்க்க முடியாத வாரங்களைச் சொல்வார்கள். பின்னால் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். அந்த ஒரு வருஷத்து இந்தோனேஷிய பீட் தீயில் மட்டும் போன கார்பன் 81 கோடி டன்னிலிருந்து 257 கோடி டன் வரை. உலகமே அப்போது ஒரு வருஷத்தில் பெட்ரோலும் நிலக்கரியும் எரித்து விட்டதில் 13 முதல் 40 சதவிகிதம்!

கலிமந்தான் ரொம்ப தூரம் என்று நினைப்பவர்கள் வேளச்சேரியில் ரயிலை விட்டு இறங்கவும்.

எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் நண்பர், வயது முப்பது, கல்யாணமாகி ஒரு வருஷம், பிளாட் தேடிக்கொண்டிருக்கிறார். இருபது வருஷ லோன். ஒருநாள் லஞ்சில் டப்பாவைத் திறந்தபடியே ஆரம்பித்தார்.

"ஸார், பள்ளிக்கரணை பக்கம் ஒண்ணு பார்த்தேன். ரேட் ரொம்ப ரீஸனபிள். லேக் வியூவாம்."

"அது லேக் இல்லப்பா. சதுப்பு நிலம்."

"தண்ணி தெரியுதில்ல ஸார், அது போதும்."

"மழைக்காலத்துல இன்னும் கிட்டக்கத் தெரியும். கட்டில்ல இருந்தே பார்க்கலாம்."

சிரித்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடி ரோடு சதுப்பின் நடுவிலேயே போகிறது. ஓரத்தில் வண்டியை நிறுத்தினோம். ஒரு பக்கம் சம்பங்கோரை, அதற்குள் நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, தூரத்தில் கூழைக்கடா. இன்னொரு பக்கம் கண்ணாடிக் கட்டிடங்கள். நடுவில் மாநகராட்சியின் பெருங்குடிக் குப்பைமேடு. 2022 ஏப்ரல் கடைசியில் அந்தக் குப்பை தீப்பிடித்து நாள் கணக்கில் புகைந்ததே, அதேதான். தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டரில் பெய்கிற மழை, ஏரி ஏரியாக வழிந்து கடைசியில் இங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து கோவளம் பக்கம் கடலுக்குப் போகவேண்டும். சில தலைமுறைக்கு முன்னால் சதுப்பே 50 சதுர கிலோமீட்டர் இருந்தது என்கிறார்கள். 2007-ல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது கணக்கு 1,247 ஹெக்டேர். ஆக, பன்னிரண்டரை சதுர கிலோமீட்டர். மிச்சத்தில் நாம் குடியிருக்கிறோம், வேலை பார்க்கிறோம், டிராஃபிக்கில் நிற்கிறோம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர்கள் மாடியில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

பள்ளிக்கரணையில் இருப்பது ஃப்ளோரிடா மாதிரி ஆளுயரக் கறுப்புப் பஞ்சு மண் அல்ல. பெரும்பாலும் களியோடு கலந்த சேறு. ஆனால் விதி ஒன்றுதான். தண்ணீர் நிற்கிற வரைக்கும் கார்பனும் நைட்ரஜனும் உள்ளே. பக்கத்தில் வடிகால் வெட்டி உலரவிட்டால் வெளியே. மேலே செம்மண் கொட்டினால் புது டெபாசிட் வராது. நகரத்துச் சாக்கடை நைட்ரஜனைத் தின்ன ஆளிருக்காது. பழைய ரெவின்யூ ஆபீஸ் பார்வையில் சதுப்பு என்றால் ஒன்றுக்கும் உதவாத தரிசு. கழுவெளி என்று அருமையான தமிழ்ப் பெயர் இருந்தும், அதைச் சொன்னால் இப்போது பலருக்கு மரக்காணம் பக்கத்துக் கழுவெளிதான் ஞாபகம் வருகிறது. (அதுவும் 2024-ல் ராம்சார் பட்டியலில் ஏறிவிட்டது.)

நண்பருக்கு கார்பன், நைட்ரஜனில் எல்லாம் அவ்வளவாகச் சுவாரஸ்யமில்லை. அவர் பிரச்னை ஈ.எம்.ஐ. நான் குறை சொல்ல மாட்டேன். ஓ.எம்.ஆரில் வேலை, மாமியார் வீடு மடிப்பாக்கம், வேறு எங்கே வாங்குவது? ஆனால் 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சதுப்பின் ராம்சார் எல்லைக்குள்ளேயும், அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எல்லை ஆய்வு முடிகிற வரை புதுக் கட்டிட அனுமதி கொடுக்காதே என்று அது சொன்னது. சேறு எத்தனை வருஷமாகச் சேர்ந்தது என்று நான் சொன்னபோது கொட்டாவி விட்டவர், "லோன் சாங்ஷன் ஆகாதா ஸார்?" என்று கேட்டபோது குரலே மாறிவிட்டது.

அப்புறம் அவரே சைட்டுக்குப் போய் ஆராய்ச்சியில் இறங்கினார். சேல்ஸ் ஆசாமி, "கவலையே படாதீங்க ஸார், நாலடிக்கு மண்ணடிச்சு உசத்தியிருக்கோம்" என்றார், பெருமையாக. அடித்த மண் தண்ணீரை எங்கே தள்ளும் என்று நண்பர் கேட்டார். "பக்கத்துத் தெருவுக்கு ஸார்" என்று பதில் வந்தது. உண்மையைச் சொன்னதற்காக அந்த ஆசாமியை எனக்குப் பிடித்துப்போயிற்று.

சர்வே நம்பரை எழுதிக்கொண்டு திரும்பினோம். பக்கத்து மனையில் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே குவிந்திருந்த மண்ணைப் பார்த்து நண்பர் நின்றார்.

"அண்ணே, கீழ என்ன மண்ணு வருது?"

போர் போடுகிறவர் பீடியை எடுத்துவிட்டுச் சொன்னார்: "மொதல்ல செவப்பு, அது அடிச்ச மண்ணு. அதுக்குக் கீழ கறுப்பா களி. தொட்டீங்கன்னா நாத்தம் சோப்புப் போட்டாலும் போவாது. கோரை வேரு கூட அப்படியே வருது பாருங்க, நேத்து செத்தாப்ல."